போத்தல் விளக்கும் கைத்தொலைபேசியும்

பழைய பாடசாலைத் தோழர்கள் பலர் சேர்ந்து கைத்தொலைபேசியில் ஒரு வட்ஸ்அப் குழு அமைத்திருக்கின்றோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலுமாகச் சிதறிப் போனவர்களை அக்குழு மீண்டும் ஒரே வாங்கில் இருத்தி வைத்திருக்கின்றது. விடிந்ததும் தாமரைப்பூப் படத்தோடு காலை வணக்கம் வரும். பகலில் ஒரு வைத்தியக் குறிப்பு வரும். இரவில் ஓர் அரசியற் சண்டை வரும். அன்று பின்வாங்கிலிருந்து சத்தமிட்டவர்களே இன்றும் சத்தமிடுகின்றார்கள் என்று அறிந்தால் எம் ஆசிரியர்கள் சிறிதும் வியப்படையமாட்டார்கள்.

அண்மையில் ஒருநாள், எங்கிருந்தோ கைமாறி வந்த செய்தியொன்றை நண்பர் ஒருவர் அங்கே இட்டிருந்தார். "நாங்கள் போத்தல் விளக்கிற் படித்து முன்னேறினோம். இன்றைய பிள்ளைகளுக்கு எல்லாம் இருந்தும் படிப்பில்லை. கையிலிருக்கும் கருவியே அவர்களைக் கெடுத்தது" என்பது அதன் சாரம். பாராட்டுகள் குவிந்தன. உண்மையைச் சொன்னால், நாமும் எம் பங்குக்கு ஒரு பெருவிரலை உயர்த்தி வைத்தோம்.

போத்தல் விளக்கைக் கண்டிராத இளம் வாசகர்களுக்காக அதைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஐந்தாண்டுகளுக்கு மேலாக அது திரும்பி வரவில்லை. வடக்கே கொண்டுவரத் தடையிருந்த பொருள்களுள் மண்ணெண்ணெயும் ஒன்றாயிற்று. கிடைத்த வேளையிலும் விலை நெருப்பாயிருந்தது. ஆகவே, துளித் துளியாக எண்ணெயை மிச்சம் பிடிக்கும் வழியை மக்களே கண்டார்கள். வெறும் ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நடுவிலே சிறு திரியொன்றை நிறுத்துவார்கள். போத்தலின் கண்ணாடியே காற்றுக்கு மறைப்பு. அந்தச் சிறு சுடரைச் சுற்றி அண்ணன், தங்கை, அயல்வீட்டுப் பிள்ளை என நாலைந்து தலைகள் கூடும். வானொலி கேட்க விரும்பினால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்றவேண்டும். டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி பேசும். சுற்றுபவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துவிடுவார்!

இவற்றை இன்று நினைக்கும்போது இனிக்கத்தான் செய்கின்றது. அந்த இனிப்பிலேயே நாம் மயங்கியிருந்தோம்.

இரவு பத்து மணியளவில் அச்செய்திக்கு ஒரு பதில் வந்தது. எழுதியவர் குழுவில் அரிதாகவே பேசுபவர். எம் வகுப்பிற் கணிதத்துக்கு அவரே முதல்வர். ஆயினும், சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே பாடசாலையை விட்டுக் கடையொன்றில் வேலைக்குப் போய்விட்டார். அவர் எழுதியது இதுதான்:

"மச்சான்மார், விளக்கிருந்தபடியால் நீங்கள் படித்தீர்கள். எங்கள் வீட்டில் விளக்குக்கு எண்ணெய் இருக்கவில்லை. பொழுதுபட்டாற் புத்தகத்தை மூடவேண்டியதுதான். இருட்டைப் பற்றிப் பெருமையாக எழுதாதேயுங்கள்."

குழு ஊமையாயிற்று. நாம் உயர்த்தி வைத்த பெருவிரலை மெல்ல எடுத்துவிட்டோம். ஆனால், உறக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவர் ஏன் பாடசாலையை விட்டு நின்றார் என்று நாம் ஒருவருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இருளில் இருந்து படித்தவர்கள் கதை சொல்லுகின்றார்கள். இருளினாற் படிப்பை இழந்தவர்கள் பேசாதிருக்கின்றார்கள். இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்டாலன்றி எமது பள்ளிக்காலத்தின் உண்மை விளங்காது. அன்று ஒரு மின்குமிழ் கிடைக்குமென்றால் நாம் எதைத்தான் கொடுத்திருக்கமாட்டோம்? கஷ்டம் எமக்கு வந்து சேர்ந்தது. நாம் விரும்பி மேற்கொண்ட விரதமன்று அது.

இன்றைய பிள்ளைகளுக்கு எல்லாம் இருக்கின்றது என்பதுங்கூட முழு உண்மையன்று. 2020 மார்ச்சிற் கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசிக்குட் புகுந்தன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைத்தொலைபேசி இருந்தால் யாருடைய பாடம் முதலில்? 2021இற் பதுளை மாவட்டத்துக் கிராமமொன்றிற் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து பாறையேறி நின்று இணைய அலையைத் தேடிய காட்சியை உலகமே படத்திற் கண்டது. 2022 மார்ச் மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. எம் பிள்ளைகளும் தங்கள் போத்தல் விளக்கைக் கண்டவர்களே. அதன் வடிவந்தான் வேறு.

அப்படியானால் கைத்தொலைபேசியாற் கேடேயில்லையா? உண்டு. மறுப்பதற்கில்லை. வினாவை முழுவதும் வாசிக்குமுன்பே விடையைத் தேடி எடுக்கும் பழக்கம் மூளைக்கு நல்லதன்று. நடுநிசி வரை படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் விரல் மறுநாட் காலையிற் பேனையைப் பிடிக்கச் சோம்புகின்றது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பரில், பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களிற் கணக்கு வைத்திருப்பதைச் சட்டத்தினால் தடுத்தது. சட்டம் ஒன்றைப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால், அந்த வெறுங்கையிற் சட்டம் எதை வைக்கும்?

மறுநாள் அந்த நண்பரோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினோம். மன்னிப்புக் கேட்கப் போனவர்கள் பாடம் கேட்டுத் திரும்பினோம். கொரோனாக் காலத்தில் மனைவியின் காப்பை அடகுவைத்து மகளுக்குக் கைத்தொலைபேசி வாங்கினாராம். அவள் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். கடையிலிருந்து வந்ததும் அவளுக்குப் பக்கத்திற் கதிரையைப் போட்டு இருந்துவிடுவாராம்.

"பாடம் விளங்குமா?" என்று கேட்டோம்.

"ஓர் எழுத்தும் விளங்காது. ஆனால், நான் எழும்பினால் அவளும் எழும்பிவிடுவாள். அதனால் எழும்புவதில்லை" என்றார்.

அதைக் கேட்டபோது எம் தாயாரின் நினைவு வந்தது. போத்தல் விளக்கின் அருகே, நாம் படித்து முடிக்கும்வரை அவர் பேசாது அமர்ந்திருப்பார். எண்ணெய் வீணாகாமற் காவல் இருக்கின்றார் என்றே அந்நாளில் எண்ணினோம். அவர் காவல் காத்தது எண்ணெயையன்று என்பது விளங்க இத்தனை காலம் சென்றது. எம்மைப் படிக்க வைத்தது இருளுமன்று. தனியே அந்த விளக்குமன்று. விளக்கருகே இருந்தவர்தான்.

எம் வீட்டிலோ நிலைமை வேறு. மகன் ஓர் அறையிற் கைத்தொலைபேசியோடு இருப்பான். நாம் மற்றோர் அறையில் எம்முடையதோடு இருந்துகொண்டு, "எந்த நேரமும் அதற்குள்ளேயே கிடக்கிறாய்!" என்று உரத்த குரலில் உபதேசம் செய்வோம். "நீங்களும் அப்படித்தானே, அப்பா" என்று அவன் ஒருநாள் சொன்னபோது எமக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை.

இப்போது சிறிய ஏற்பாடொன்று செய்திருக்கின்றோம். இரவுச் சாப்பாட்டின்பின் ஒரு மணி நேரம் எம்முடைய கைத்தொலைபேசி அலுமாரிக்குட் போய்விடும். மகனுடையது அவனிடமே இருக்கும். படிப்பதற்கு அவனுக்கு அது வேண்டும். நாம் கதிரையொன்றை எடுத்து அவனருகே போடுவோம். முதல்நாள் எம் கை பலமுறை சட்டைப்பையைத் தடவியது. அதைக் கண்டு அவன் சிரித்தான்.

"உங்களுக்கு இங்கே என்ன வேலை, அப்பா?" என்று கேட்டான்.

"ஒன்றுமில்லை. நீ படி" என்றோம்.