காத்திருப்பைச் சேமித்து வைப்போம்: பைதானில் அசிங்க் கேஷ்



இணையத்திலிருந்து தரவை எடுத்துக் காட்டும் செயலியை இடுபணியாகச் செய்கிற மாணவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். வீட்டில் தனியாக ஓட்டும்போது செயலி நன்றாக ஓடும். கணினிக் கூடத்தில் 35 பேர் ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டினால், தரவு தரும் சர்வர் "போதும், பிறகு வா" என்று சொல்லிவிடும். அந்தப் பதிலின் எண் 429. அதிகமான கோரிக்கைகள் வந்துவிட்டன என்பது அதன் பொருள்.

இதற்கு மருந்து கேஷ். ஆனால் பைதானின் அசிங்க் ஃபங்ஷனுக்கு வழக்கமான கேஷைப் போட்டால் மருந்தே நோயாகிவிடும். அது ஏன், சரியான வழி எது என்று படிப்படியாகப் பார்ப்போம். சூடோகோட்டைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். மாணவர்கள் அதைப் பைதானில் மாற்றி எழுதுவது நல்ல பயிற்சி.

எடுத்துக்காட்டுக்கு, பாகான் செராய் மாணவர்கள் ஊருக்குப் பயன்படும் ஒரு செயலியைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அதில் கிரியான் மாவட்ட வானிலை முன்னறிவிப்பு, வானிலை எச்சரிக்கை, கேடிஎம் ரயில் இப்போது எங்கே வருகிறது என்ற மூன்று தகவல்கள் இருக்கும். மூன்றையும் மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம் (டேட்டா டாட் ஜிஓவி டாட் எம்ஒய்) இலவசமாகத் தருகிறது. எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சேவை என்பதால் கோரிக்கைகளுக்கு வரம்பும் உண்டு.

1. கேஷ் என்றால் என்ன?

ஒரு முறை கண்டுபிடித்த விடையைக் குறித்துவைத்து, அதே கேள்வி மறுபடி வந்தால் குறிப்பைப் பார்த்துச் சொல்வதுதான் கேஷ். ஃபங்ஷன் விடையை இப்படிக் குறித்துவைக்கும் முறையை 1968இல் டொனால்ட் மிச்சி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் விளக்கினார். அவர் அதற்கு வைத்த பெயர் 'மெமோ ஃபங்ஷன்'.

மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கு ஃபிபனாச்சி. தன்னையே அழைக்கும் ஃபங்ஷனாக எழுதி 30ஆவது எண்ணைக் கேட்டால், அந்த ஃபங்ஷன் 2,692,537 முறை அழைக்கப்படும். கேஷ் போட்டால் 0 முதல் 30 வரை 31 கணக்குகள்தான். பைதானில் இதற்கு 'எல்ஆர்யூ கேஷ்' என்ற ஒரு வரியை ஃபங்ஷனின் தலையில் எழுதினாலே போதும். 2011இல் வந்த பைதான் 3.2 முதல் இந்த வசதி இருக்கிறது. 'எல்ஆர்யூ' என்றால், இடம் நிரம்பியதும் நெடுநேரம் பயன்படாத விடையை முதலில் தூக்கிப்போடுவது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 128 விடைகளை வைத்திருக்கும்.

2. அசிங்க் ஃபங்ஷன் எப்படி வேறுபடுகிறது?

சாப்பாட்டுக் கடையில் ஒரே ஓர் உதவியாளர் இருக்கிறார். ஒரு மேசையில் ஆர்டர் எடுத்துவிட்டு, ரொட்டி வேகும்வரை அடுப்படியிலேயே நிற்க மாட்டார். அடுத்த மேசைக்குப் போய்விடுவார். பைதானில் அந்த உதவியாளரின் பெயர் ஈவண்ட் லூப். ஃபங்ஷன் 'அவெய்ட்' என்று சொல்லும் இடத்தில் காத்திருப்பு ஏற்பட்டால் அவர் வேறு வேலைக்குப் போகிறார். 2014இல் பைதான் 3.4உடன் அசிங்க்ஐஓ தொகுதி வந்தது. 'அசிங்க்', 'அவெய்ட்' என்று எழுதும் முறை 2015இல் 3.5 பதிப்பில் வந்தது.

இங்கே ஒரு குறிப்பு. வலைத்தரவு எடுக்கப் பலரும் பயன்படுத்தும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகம் அசிங்க் முறைக்கு ஏற்றதல்ல. அது பதிலுக்காக நிற்கும்போது ஈவண்ட் லூப்பும் சேர்ந்து நின்றுவிடும். 'ஏஐஓஎச்டிடிபி' அல்லது 'எச்டிடிபிஎக்ஸ்' நூலகத்தின் அசிங்க் வசதியைப் பயன்படுத்துங்க.

3. எல்ஆர்யூ கேஷ் ஏன் இங்கே உதவாது?

சாதாரண ஃபங்ஷனை அழைத்தால் விடை வரும். அசிங்க் ஃபங்ஷனை அழைத்தால் விடை வராது, 'கோரூட்டீன்' என்ற பொருள் வரும். அது ஆர்டர் சீட்டு மாதிரி, ஒரு சீட்டுக்கு ஒரு சாப்பாடுதான். எல்ஆர்யூ கேஷ் தன் கைக்கு வந்ததை அப்படியே சேமிக்கும். அதாவது சாப்பாட்டை விட்டுவிட்டுச் சீட்டைச் சேமிக்கிறது!

முதல் முறை எல்லாம் சரியாக நடக்கும். இரண்டாம் முறை அதே சீட்டை நீட்டினால் பைதான் 'ரன்டைம் எரர்' என்று நின்றுவிடும். ஏற்கெனவே காத்துமுடித்த கோரூட்டீனை மறுபடி பயன்படுத்த முடியாது என்பதுதான் அந்தச் செய்தி.

4. முதல் வழி: விடையைச் சேமிப்பது

சரி, கேஷை நாமே எழுதலாம் என்று பெரும்பாலோர் எழுதுவது இதுதான்:

படி 1: பெட்டியில் இந்தச் சாவிக்கு விடை இருந்தால், அதைத் திருப்பிக் கொடு.
படி 2: இல்லையென்றால், தரவைக் கேட்டுக் காத்திரு.
படி 3: வந்த விடையைப் பெட்டியில் வை.
படி 4: விடையைத் திருப்பிக் கொடு.

பார்ப்பதற்குச் சரியாக இருக்கிறது, பிழைச் செய்தியும் வராது. ஆனால் படி 2ஐக் கவனிங்க. முதல் மாணவரின் கோரிக்கை காத்திருக்கும்போது ஈவண்ட் லூப் இரண்டாவது மாணவரிடம் போகிறது. பெட்டி இன்னும் காலி, ஆகவே அவருக்கும் ஒரு கோரிக்கை போகிறது. மூன்றாமவருக்கும் அப்படித்தான். முதல் விடை வந்து சேர்வதற்குள் 35 கோரிக்கைகளும் போய்விடும். கேஷ் இருந்தும் இல்லாத கதைதான். இதைக் 'கேஷ் ஸ்டாம்பீட்', அதாவது முண்டியடிப்பு என்பார்கள்.

5. இரண்டாம் வழி: வேலையைச் சேமிப்பது

விடை வந்த பிறகு சேமிப்பதால்தான் சிக்கல். அப்படியானால் விடைக்கு முன்பே எதையாவது பெட்டியில் வைக்க வேண்டும். அதுதான் 'டாஸ்க்'. கோரூட்டீன் ஒரு சீட்டு என்றால், டாஸ்க் அடுப்பில் ஏற்றிவிட்ட பானை. ஒரே பானைக்காக எத்தனை பேர் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். வெந்த பிறகு வருபவருக்கும் அதிலிருந்தே கிடைக்கும்.

படி 1: பெட்டியில் இந்தச் சாவி இல்லையென்றால்
 (அ) தரவைக் கேட்கும் டாஸ்க்கை உருவாக்கு.
 (ஆ) அந்த டாஸ்க்கை உடனே பெட்டியில் வை.
படி 2: பெட்டியில் உள்ள டாஸ்க் முடியும்வரை காத்திரு.
படி 3: அதன் விடையைத் திருப்பிக் கொடு.

முக்கியமான இடம் படி 1. பெட்டியைப் பார்ப்பதற்கும் டாஸ்க்கை அதில் வைப்பதற்கும் நடுவில் 'அவெய்ட்' இல்லை. அதனால் ஒரே ஈவண்ட் லூப்பில் இடையில் யாரும் நுழைய முடியாது. 35 பேர் கேட்டாலும் ஒரே ஒரு கோரிக்கைதான் வெளியே போகும்.

6. மூன்று காவல்கள்

இரண்டாம் வழியை அப்படியே விட்டுவிடக் கூடாது. மூன்று காவல்கள் வேண்டும்.

தோல்வி: இணையம் அறுந்து டாஸ்க் பிழையோடு முடிந்தால், அந்தப் பிழையும் பெட்டியில் தங்கிவிடும். இணையம் திரும்பிய பிறகும் எல்லாருக்கும் பழைய பிழையே கிடைக்கும். ஆகவே தோற்ற டாஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

ரத்து: காத்திருக்கும் ஒருவரின் கோரிக்கை நடுவில் ரத்தானால், அவர் காத்திருக்கும் டாஸ்க்கும் ரத்தாகும். மற்ற 34 பேருக்கும் விடை வராது. பானைக்காக நின்றவரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் அடுப்பை அணைக்கலாமா? அசிங்க்ஐஓவில் உள்ள 'ஷீல்டு' என்ற கவசத்தின் வழியாகக் காத்திருந்தால் டாஸ்க் தப்பிக்கும்.

காலாவதி: எல்ஆர்யூ கேஷுக்கு நேரக் கணக்கு தெரியாது. நம் கேஷுக்கு அதை நாம்தான் சொல்ல வேண்டும். தரவு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணுங்க. சுவர்க் கடிகாரத்தை யாராவது திருத்திவிடலாம் என்பதால் 'டைம்' தொகுதியின் 'மோனோடோனிக்' கடிகாரத்தைப் பயன்படுத்துங்க.

எவ்வளவு நேரம் வைக்கலாம்? இதைக் கணினி சொல்லாது, தரவைத் தெரிந்த மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். வானிலைத் துறையின் 7 நாள் முன்னறிவிப்பு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதை 1 மணி நேரம் வைத்திருந்தால் பெரிய நட்டமில்லை. ரயில் இருக்குமிடம் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். அதை 1 மணி நேரம் வைத்தால், பாரிட் புந்தாரைத் தாண்டிய ரயில் இன்னும் கமுந்திங்கில் நிற்பதாகக் காட்டும். எச்சரிக்கை தேவைப்படும்போதெல்லாம் வெளியாவது. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த நம் மாவட்டத்தில் கனமழை எச்சரிக்கையை ஒரு மணி நேரம் தாமதமாகக் காட்டும் செயலி இல்லாமலிருப்பதே மேல். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

7. சாவியில் கவனம்

பெட்டியில் எந்தப் பெயரில் வைக்கிறோமோ அதுதான் சாவி. இங்கே மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, பட்டியலைச் (லிஸ்ட்) சாவியாக வைக்க முடியாது. டப்பிளாக மாற்றினால் முடியும்.

இரண்டாவது, தமிழுக்கே உரிய பொறி. 'ஈப்போ' என்ற சொல்லில் 'போ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக எழுதினால் சொல்லின் நீளம் 5. ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக வந்தால் நீளம் 6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைதானுக்கு இரண்டும் வேறு வேறு சாவி. 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' மூலம் 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. இதே செயலியில் சோதனைப் புள்ளிகளையும் காட்ட நினைக்கிறோம். சாவியில் பாடத்தின் பெயரை மட்டும் வைத்து, மாணவர் எண்ணை மறந்துவிட்டால் என்ன ஆகும்? முதலில் பார்த்த மாணவரின் புள்ளிகள் அடுத்து வரும் அனைவருக்கும் தெரியும். செயலி பிழை எதுவும் காட்டாது, வேகமாகவும் ஓடும். ஆனால் ஒரு பிள்ளையின் புள்ளிகள் வகுப்பு முழுக்கப் பரவியிருக்கும். ஆகவே, விடை எதையெல்லாம் பொறுத்து மாறுமோ அதெல்லாம் சாவியில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் அந்தரங்கத் தரவைப் பொதுக் கேஷில் வைக்காமலிருப்பது இன்னும் நல்லது.

8. வகுப்பு நடவடிக்கை

இணையம் இல்லாமலே செய்யலாம். தரவு கேட்கும் ஃபங்ஷனுக்குப் பதிலாக, 'அசிங்க்ஐஓ ஸ்லீப்' மூலம் 2 விநாடி காத்திருக்கும் ஃபங்ஷன் எழுதுங்க. அது ஓடும் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணியைக் கூட்டட்டும். 'கேதர்' மூலம் 35 அழைப்புகளை ஒன்றாக விடுங்க. இப்படி வரும்:

கேஷ் இல்லாமல்: ஏறக்குறைய 2 விநாடி, எண்ணி 35.
முதல் வழி: ஏறக்குறைய 2 விநாடி, எண்ணி 35.
இரண்டாம் வழி: ஏறக்குறைய 2 விநாடி, எண்ணி 1.

மூன்றிலும் நேரம் ஒன்றே! கடிகாரத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எண்ணியைப் பார்த்தால்தான் உண்மை புரியும். நிரலை நிறுத்தாமல் மறுபடி 35 அழைப்புகள் விட்டால், கேஷ் இல்லாதது 2 விநாடி எடுத்து எண்ணி 70 ஆகும். மற்ற இரண்டும் உடனே முடியும், எண்ணியும் ஏறாது. "எதை அளக்கிறோம் என்பது ஏன் முக்கியம்?" என்று மாணவர்களைக் கலந்துரையாடச் சொல்லலாம். நல்ல உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி அது.

9. பயிற்சிக் கேள்விகள்

கேள்வி 1: அசிங்க் ஃபங்ஷனுக்கு எல்ஆர்யூ கேஷ் போட்டால் இரண்டாம் அழைப்பில் பிழை வருவது ஏன்?
விடைக் குறிப்பு: சேமிக்கப்படுவது விடையல்ல, கோரூட்டீன். அதை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும்.

கேள்வி 2: முதல் வழியில் முண்டியடிப்பு எந்தப் படியில் தொடங்குகிறது?
விடைக் குறிப்பு: படி 2. பெட்டியைப் பார்த்ததற்கும் அதில் வைப்பதற்கும் நடுவில் காத்திருப்பு இருக்கிறது.

கேள்வி 3: ரயில் இருக்குமிடம், 7 நாள் முன்னறிவிப்பு, மாணவர் புள்ளி ஆகிய மூன்றுக்கும் கேஷ் கொள்கையைக் காரணத்தோடு எழுதுக.
விடைக் குறிப்பு: எவ்வளவு பழைய தரவைப் பொறுத்துக்கொள்ளலாம், அது யாருக்கு உரியது என்ற இரண்டையும் விடை தொட வேண்டும்.

'அசிங்க்-எல்ஆர்யூ', 'ஏஐஓகேஷ்' போன்ற ஆயத்த நூலகங்களும் இருக்கின்றன. இடுபணியில் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு முறையாவது சொந்தமாக எழுதிப் பார்த்த பிறகு பயன்படுத்தச் சொல்லுங்க. அப்போதுதான் நூலகம் எந்தக் காவலைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று மாணவரால் கேட்க முடியும்.