தொக்கணம்: தொடுகை மருத்துவமும் அதன் சமூகத் தளமும்

சித்த மருத்துவ மரபு புறமருந்துகளை 32 வகையாகப் பகுக்கும். அவற்றுள் ஒன்றாகிய தொக்கணம், தைலத்தைத் துணையாகக் கொண்டு கையினாற் செய்யப்படுவது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்பன அதன் 9 வகைகள். யாழ்ப்பாணத்தில் இச்சிகிச்சையை முதன்முறை நாடுவோர்க்கு அங்கு என்ன நிகழும் என்பது பற்றித் தயக்கம் இருத்தல் கூடும்.

முதலில் விசாரணையே நடைபெறும். வலியின் இடம், அது மிகும் நேரம், உட்கொள்ளும் மருந்துகள், செய்யும் தொழில் ஆகியன கேட்கப்படும். தொழில் பற்றிய வினா வெறும் உபசாரமன்று. வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுதும் குனிந்து நிற்பவரின் இடுப்புநோவும் கந்தோரில் அமர்ந்திருப்பவரின் இடுப்புநோவும் வேறுவேறு காரணத்தன. நாடி பார்த்தபின் நோயாளி பாயிலோ பலகையிலோ கிடப்பார். சிகிச்சைக்குரிய பகுதி தவிர ஏனையவை துணியால் மூடப்பட்டிருத்தல் முறை. இளஞ்சூடான தைலம் பூசி, மெல்ல நீவித் தொடங்கி, படிப்படியாகவே அழுத்தம் கூட்டப்படும். நொச்சியிலை ஒற்றடம் சேர்வதுமுண்டு. பின்னர் ஓய்வும் வெந்நீர்க் குளிப்பும். மறுநாள் சிறு நோவு இயல்பானது. கூரிய வலியும் மரத்துப்போதலும் இயல்பானவையல்ல. வலித்தால் அக்கணமே சொல்லவேண்டும். பொறுத்துக்கொண்டாற்றான் பயன் கிட்டும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

தசை இறுக்கத்துக்கும் அலுப்புக்கும் இது ஆறுதலளிக்கும். நாட்பட்ட இடுப்புவலியில் ஆய்வுகள் காட்டும் பயன் மிதமானது, குறுகிய காலத்தது. காய்ச்சல், எலும்பு முறிவு, தோற்புண், கால் நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம் என்ற ஐயம் ஆகியன இருப்பின் செய்தலாகாது. கருவுற்றோரும், குருதி உறையாதிருக்க மருந்துண்போரும், உணர்ச்சி குன்றிய நீரிழிவாளரும் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

இனி, இந்தக் கை யாருடையது என்ற வினாவுக்கு வருவோம். 'பரியாரி' என்ற சொல் தமிழ் வழக்கில் வைத்தியரையும் நாவிதரையும் குறித்து நின்றது. யாழ்ப்பாணத்தில் 'பரியாரியார்' என்பது மதிப்புக்குரிய வைத்தியரின் பெயராயிற்று. தமிழகத்திலோ நாவித சமூகத்தவர் மருத்துவர் எனவும் அச்சமூகப் பெண்டிர் மருத்துவச்சியர் எனவும் வழங்கப்பட்டும் இழிவுக்குள்ளாயினர். ஏட்டறிவும் உடலைத் தொடும் உழைப்பும் சமூக மதிப்பில் வேறாக்கப்பட்டமைக்கு இச்சொல்லின் இருபொருளே தக்க சான்று எனலாம். தீட்டுப் பார்த்த சமூகம் மயிர் களையவும் பிள்ளைப்பேறு பார்க்கவும் ஒடுக்கப்பட்டோரின் கைகளையே நம்பியிருந்தது. அதே கைகளுக்குக் கோயிற் கதவு அடைத்தே கிடந்தது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்தமை நினைவிற்குரியது.

பரராசசேகரம் முதலிய ஈழத்து மருத்துவ நூல்களை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை போன்றோர் அச்சேற்றினர். 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவக் கல்வி தொடங்கியது. ஏட்டறிவு இவ்வாறு நிறுவன மதிப்புப் பெற்றது. தொக்கணத்தில் தைலத்தை விதிப்பவர் ஒருவரும் தேய்ப்பவர் வேறொருவருமாக இருத்தல் இன்றும் உண்டு. நாளொன்றுக்குப் பலரைப் பிடித்துவிடுபவரின் பெருவிரல், மணிக்கட்டு, தோள் ஆகியன தாமும் நோவுறுகின்றன. அந்நோவையும் அவர் பெறும் கூலியையும் சேர்த்துப் பதிவுசெய்தல் நம் பல்கலைக்கழகத் துறைகளின் முன்னுள்ள பணியாகும்.