நாற்று விற்கும் வலைத்தளத்துக்கு ஒரு துணை வரவு

நிலக்கோட்டை வட்டம் சேவுகம்பட்டிப் பகுதி மல்லிகை விவசாயிகளுக்குக் கமிஷன் புதிதல்ல. பூ மண்டியில் கழிக்கப்படுவது அதுதான். வலைத்தளம் வைத்து நாற்று விற்பவர், கமிஷனைத் தாமே பெறவும் வழியுண்டு. அமேசான் நிறுவனம் 1996-இல் தொடங்கிய முறை இது. கைத்தெளிப்பான், கவாத்துக் கத்தரி போன்றவற்றுக்கு நிறுவனம் தரும் இணைப்பைத் தம் வலைத்தளத்தில் இடவேண்டும். அதன் வழியே ஒருவர் பொருள் வாங்கினால் கமிஷன் கிடைக்கும். திருப்பி அனுப்பிய பொருளுக்குக் கிடையாது. தாமே வாங்கிக்கொள்வதும் கணக்கில் சேராது.

கணக்குப் பார்த்து இறங்குவது நலம். தெளிப்பான் விலை 1,000 ரூபாய், கமிஷன் 5 சதம் என்று கொண்டால் கிடைப்பது 50 ரூபாய். வலைத்தளச் செலவு ஆண்டுக்கு 4,000 ரூபாய் என்றால் 80 தெளிப்பான்கள் விற்றாக வேண்டும். சிறு நாற்றுப்பண்ணைக்கு இது எளிதல்ல. ஆகவே கமிஷனை ஊடுபயிராக மட்டுமே கருத வேண்டும்.

கமிஷன் கூடுதல் என்பதற்காகப் பூச்சிமருந்தைப் பரிந்துரைக்கவே கூடாது. மொட்டுப்புழுவுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்கச் சொல்வதே முறை. கமிஷன் பெறுவதை இணைப்பின் அருகிலேயே தமிழில் எழுதிவிட வேண்டும். விளம்பர உறவை மறைக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறையும் 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டுள்ளது.

மற்றொன்று: பண்ணையில் வளர்த்த நாற்றை விற்ற பணம் வேளாண் வருமானம். கமிஷன் அப்படியல்ல; அதற்கு அந்த வருமான வரி விலக்கு கிடையாது. இரண்டுக்கும் தனித்தனியே கணக்கு எழுதி வரவும்.