கரிசல் பட்டறை – 9: காற்று எஞ்சினை இறக்கிவிட்டுத் தண்ணீர் எஞ்சினா?

கிணற்றுமேட்டில் ஆயில் எஞ்சின் ஓட்டிய கரிசல்காட்டு விவசாயிக்கு இந்த வாரத்து விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். பம்ப் இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு சிறு பங்கைக் குழாய் வழியாக எஞ்சினுக்குள் திருப்பிவிடுவார்கள். அது சிலிண்டரைச் சுற்றி ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் வெந்நீராக வாய்க்காலில் விழும். ரேடியேட்டர் கிடையாது, கூலண்ட் கிடையாது, செலவும் கிடையாது. ஆனால் விளாத்திகுளம், புதூர் வட்டாரத்தில் பல கிணறுகளில் ஊறுவது உவர்த்தண்ணீர். சில வருடம் ஓடிய எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் போகிற வழியெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் பிடித்துப் பாதை குறுகியிருக்கும். அந்தக் கல்லைத் தாண்டிச் சூடு லேசில் வெளியேறாது. ஹெட் கேஸ்கட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்து, சைலன்சரில் வெள்ளைப்புகை வந்த பிறகுதான் மெக்கானிக்குக்கு ஆள் போகும்.

அதே காட்டில் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருந்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சிலிண்டரைச் சுற்றி இரும்புச் செதில்கள், பக்கத்தில் ஒரு காற்றாடி, அவ்வளவுதான். கிணறு உவர்ப்பானால் என்ன, வற்றினால்தான் எஞ்சினுக்கு என்ன?

இதை நினைவில் வைத்துக்கொண்டு காருக்கு வருவோம். விளாத்திகுளத்து நண்பர் ஒருவர் 1960களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றை வாங்கியிருக்கிறார். சென்ற வாரம் சொன்ன டிங்கர் வேலை முடிந்து பாடி நிமிர்ந்துவிட்டது. எஞ்சினில் கிராங்க் கேஸ் விரிசல். "பேசாமல் ஒரு மாருதி எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாமே?" என்பது அவர் கேள்வி. பட்டறைப் பையனுக்கு வேறு கவலை. முன்பக்கம் திறந்து பார்த்தான், பின்பக்கம் திறந்து பார்த்தான். "அண்ணாச்சி, ரேடியேட்டரையே காணோமே. இதுல தண்ணி எங்க ஊத்துறது?"

எங்கும் ஊற்ற வேண்டியதில்லை. பீட்டிலின் எஞ்சின் காரின் பின்புறம் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும். டைனமோவின் தண்டிலேயே ஒரு பெரிய காற்றாடி. ஃபேன்பெல்ட் அதைச் சுழற்ற, தகரக் கூண்டு ஒன்று அந்தக் காற்றை வீணாக்காமல் நான்கு சிலிண்டர்களின் செதில்கள் மீதும் பிரித்துவிடும். ஆயிலும் குளிர்ச்சிக்குத்தான். மொத்தம் இரண்டரை லிட்டர், வடிகட்டப் பெயருக்கு ஒரு கம்பிச் சல்லடை. அதனால்தான் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்று என்று ஃபோக்ஸ்வாகன் புத்தகம் கறாராகச் சொல்கிறது. ஃபேன்பெல்ட் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தவேண்டும். 'அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம்' என்றால் எஞ்சின் கைக்கு வராது.

ஃபெர்டினாண்ட் போர்ஷே இதை வடிவமைத்தபோது மனதில் இருந்தது ஜெர்மனியின் குளிர்காலம். வீட்டு வாசலில் நிற்கிற காரில் தண்ணீர் உறைந்தால் எஞ்சின் பிளந்துவிடும். தண்ணீரே இல்லாவிட்டால் உறைய எதுவும் இல்லை. உறைபனிக்காகச் செய்த அந்த ஏற்பாடு பாலைவனத்திலும் எடுபட்டது. இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்க மணலில் ஓடிய குபெல்வாகன் ஜீப்பின் எஞ்சின் இதுதான்.

வெயிலில் காய்கிற நமக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீர் எஞ்சினில் ரேடியேட்டருக்கு வருகிற தண்ணீர் சுமார் 90 டிகிரி. மார்கழி விடியலில் காற்று 22 டிகிரி என்றால் இடைவெளி 68. சித்திரை மத்தியானத்தில் காற்று 40 டிகிரி, இடைவெளி 50. சூட்டை வெளியே தள்ளும் சக்தியில் கால்பங்குக்கு மேல் போயிற்று. காற்று எஞ்சினின் செதில் 150 டிகிரியில் காய்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே இரண்டு நாட்களில் இடைவெளி 128லிருந்து 110 ஆகிறது. இழப்பு ஏழில் ஒரு பங்குதான். கோடை வெயில் அதிகம் படுத்துவது தண்ணீர் எஞ்சினைத்தான். நம் ஊரில் பலரும் இதை நேர்மாறாக நம்புகிறார்கள்.

அப்படியானால் உலகம் ஏன் தண்ணீருக்கு மாறியது? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறும்போது உறிஞ்சுகிற வெப்பத்தை எடுக்க ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று வேண்டும். தண்ணீர் சிலிண்டரின் மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராகச் சூட்டை இழுக்கும். காற்றால் அது முடியாது. பீட்டிலிலேயே மூன்றாம் சிலிண்டர் எப்போதும் கூடுதலாகக் காயும், ஏனென்றால் ஆயில் கூலர் அதற்கு வருகிற காற்றை மறித்துக்கொண்டு நின்றது. அந்தக் கூலரை நகர்த்திவைக்க ஃபோக்ஸ்வாகனுக்கு 1971 மாடல் வரை ஆனது. சூடு சீராக இல்லாவிட்டால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளியைத் தாராளமாக விடவேண்டும். ஆயில் எரியும், புகை கூடும், சத்தமும் கூடும். புகைக்கும் சத்தத்துக்கும் சட்டம் வரவர, காற்று எஞ்சின்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. போர்ஷே 911ன் கடைசிக் காற்று எஞ்சின் கார் 1998ல் வெளிவந்தது. நம் ஊர்க் கதை வேண்டுமானால், 1956ல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு, தண்ணீரில் குளிரும் முதல் எஞ்சினை ஹிமாலயன் 450ல் கொண்டுவந்தது 2023ல்.

காற்று வண்டிக்குத் தண்ணீர் எஞ்சினை ஏற்றுகிற வேலையை ஃபோக்ஸ்வாகனே செய்திருக்கிறது. இரண்டு உதாரணங்கள், இரண்டும் வேனில். 1982ல் ஜெர்மனியில், அதே படுத்த நான்கு சிலிண்டர் அமைப்பைச் சுற்றித் தண்ணீர் உறை போட்டு 1.9 லிட்டர் எஞ்சினாக்கினார்கள். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவே வண்டியின் அடியில் நீளக் குழாய்கள். நல்ல எஞ்சின்தான், ஆனால் ஹெட்டைச் சுற்றிய ரப்பர் சீல் ஓரத்தில் கசிவதில் பெயர் கெட்டுப்போனது. தகுந்த கூலண்ட் ஊற்றாத வண்டிகளில் அலுமினிய ஹெட் அரித்து, சீல் உட்காரும் இடமே பள்ளமானது. பிரேசிலில் கோம்பி வேனுக்கு 2005 கடைசி வரை காற்று எஞ்சின்தான். பிறகு வேறொரு காரின் 1.4 லிட்டர் தண்ணீர் எஞ்சினை வைத்து, மூக்கில் ஒரு கறுப்பு ரேடியேட்டர் சட்டத்தைப் பொருத்தினார்கள். அழகு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2013 டிசம்பர் வரை அந்த வேன் அப்படியே தயாராகிக்கொண்டிருந்தது.

இனி நண்பரின் மாருதி யோசனை. பழைய 1200 சிசி பீட்டிலின் சக்தி 34 குதிரைத்திறன். மாருதி 800ன் எஞ்சின் 796 சிசிதான் என்றாலும் 37 தரும். ஆகவே சரிக்குச் சரி என்று தோன்றும். தோன்றட்டும், இழுவையைப் பாருங்கள். பீட்டில் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 82 நியூட்டன் மீட்டர் தருகிறது. மாருதி தருவது 59. மாருதி தன் குதிரைகளை 5,000 சுற்றில்தான் காட்டும். பீட்டிலுக்கு 3,600 போதும். அந்த நிதானமான எஞ்சினுக்கென்று பல் வெட்டிய கியர் பாக்ஸில் மாருதி எஞ்சினைக் கட்டினால், ஏற்றத்தில் எல்லாம் இரண்டாம் கியரில் முனகவேண்டும். பழைய ஜிப்ஸியின் 1.3 லிட்டர் என்றால் இழுவை போதும். ஆனால் அது நிமிர்ந்து நிற்கிற நீள எஞ்சின். பீட்டிலின் குட்டையான பின்னறையில் அடங்காது, பின் தகட்டை வெட்டவேண்டும். வெளிநாட்டு பீட்டில்காரர்கள் தேடிப்போவது சுபாருவின் எஞ்சினை. அதுவும் படுத்த நான்கு சிலிண்டர், அறைக்குள் பாந்தமாக உட்காரும். இந்தியாவில் அது ஷெவர்லே ஃபாரஸ்டர் என்ற பெயரில் கொஞ்ச காலம் விற்ற காரில் வந்தது. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எந்த எஞ்சினானாலும் கியர் பாக்ஸோடு சேர்க்க ஒரு கனத்த இடைத்தகடு வேண்டும். கோவில்பட்டியில் நல்ல லேத்காரர்கள் இருக்கிறார்கள், கடைந்துவிடுவார்கள். ஆனால் எஞ்சினின் மையமும் கியர் பாக்ஸ் தண்டின் மையமும் மயிரிழை பிசகினாலும் கிளட்ச் அதிரும், ஆயில் சீல் அடிக்கடி போகும். போல்ட் துளை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்பவரிடம் கொடுக்காதீர்கள். சுழலும் திசையையும் முதலிலேயே பார்க்கவேண்டும். பெரும்பாலான எஞ்சின்கள் பெல்ட் பக்கமிருந்து பார்த்தால் வலம் சுற்றும், பீட்டிலும் அப்படியே. ஹோண்டாவின் பழைய எஞ்சின்கள் இடம் சுற்றுபவை. தெரியாமல் வாங்கி மாட்டினால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக நான்கு கியரும் கிடைக்கும்.

இதெல்லாம் லேத்திலும் காசிலும் தீர்கிற சிக்கல்கள். தீராத கேள்வி, ரேடியேட்டரை எங்கே வைப்பது என்பதுதான். எஞ்சின் பக்கத்திலேயே, பின்னால் வைத்தால் குழாய் மிச்சம். ஆனால் அங்கே எதிர்க்காற்று இல்லை, காற்றாடியை மட்டுமே நம்பவேண்டும். வயிற்றுக்கு அடியில் படுக்கப்போடுவது வெளிநாட்டில் பலர் செய்வது. தார்ச்சாலை மட்டுமே உள்ள ஊருக்கு அது சரி. விளாத்திகுளத்திலிருந்து எந்தக் கிராமத்துக்குத் திரும்பினாலும் சீமைக்கருவேல முள் சிதறிக் கிடக்கும், நடுமேடு உயர்ந்த வண்டிப்பாதை வரும். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி, அடியில் இருக்கிற எல்லாவற்றையும் மெழுகிவிடும். வெயிலில் அது காய்ந்து ரேடியேட்டர் கண்களை அடைத்துக்கொள்ளும். அடியில் ரேடியேட்டர் இந்த மண்ணுக்கு ஆகவே ஆகாது.

மிச்சம் இருப்பது மூக்கு. ஸ்டெப்னி இருக்கிற இடத்தில் நிறுத்தி, முன்தகட்டைக் காற்றுக்காகத் திறந்து, மின்விசிறி கட்டி, அங்கிருந்து எஞ்சின் வரை போக ஒரு குழாய், வர ஒரு குழாய். இவ்வளவு நீளக் குழாயில் காற்றுக் குமிழ் தங்கிவிடும். ரேடியேட்டர் நிறைந்ததுபோல் தெரியும், எஞ்சினில் தண்ணீர் ஓடாது. மூக்கை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டரின் உச்சியில் வைத்த திருகைத் தளர்த்தி, குமிழ் அத்தனையும் வெளியேறும் வரை காத்திருந்துதான் மூடவேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக்கூடாது என்பதைப் பட்டறைப் பையன்களுக்கு நூறு தடவை சொல்லலாம். அழுத்தத்தில் இருக்கிற அந்தத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் உள்ளே காத்திருக்கும், மூடி கழன்றதும் முகத்தில் அடிக்கும்.

ஊற்றுகிற தண்ணீருக்கு வந்தால் கிணற்றுமேட்டுப் பாடம்தான். போர் தண்ணீர், ஊருணித் தண்ணீர், தெருக்குழாய்த் தண்ணீர் எதுவும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீரில் கலந்த கூலண்ட் மட்டும். நம் ஊரில் உறைபனி இல்லை, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொதிநிலையை உயர்த்தவும், அலுமினியம் அரிக்காமல் காக்கவும். ஜெர்மனிக்காரர்களின் வேன் கதையை அதற்காகத்தான் சொன்னேன். சூரங்குடி ரோட்டில் ஹோஸ் வெடித்து நின்றால் கையில் கிடைக்கிற தண்ணீரைத்தான் ஊற்றுவோம், அதைக் குறை சொல்லமுடியாது. வீடு வந்ததும் முழுவதையும் வடித்துவிட்டு மாற்றவேண்டும். எத்தனை பேர் மாற்றுகிறோம்?

பழைய காற்று எஞ்சினுக்கும் கரிசல் புழுதி எதிரிதான். ஆயில் கசிகிற இடத்தில் அது ஒட்டி, செதில்களுக்கு நடுவே களியாக இறுகும். பீட்டில் ஆயில் கசியவிடும் வண்டி என்பதையும் மறைக்கவேண்டாம். ஆனால் அதை மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சுத்தம் செய்யலாம். காணாமல் போன தகரக் கூண்டுத் துண்டுகளைத் திரும்ப அடித்து மாட்டினாலே பாதி சூடு குறையும். பல பீட்டில்கள் காய்வதற்குக் காரணம், யாரோ ஒரு மெக்கானிக் "இது எதுக்குத் தேவையில்லாம" என்று கழற்றி எறிந்த தகரம்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் வேறு எஞ்சினைப் பூட்டி ரோட்டில் இறங்கினால், விபத்து நடக்கிற நாளில் இன்சூரன்ஸிலும் பிரச்சினை வரும். 2021 ஜூலையில் வந்த விதியையும் நண்பர் பார்க்கவேண்டும். 50 வருடம் தாண்டிய கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும் வெளியே எடுக்கலாம். நிபந்தனை ஒன்று: சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. மாருதி எஞ்சின் ஏறிய அன்றே இந்தக் கதவு மூடிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: எஞ்சினை மாற்றவேண்டாம். பீட்டிலின் கிராங்க் கேஸ் வெளிநாடுகளில் இன்றும் புதிதாக வார்க்கப்படுகிறது. பிஸ்டன், சிலிண்டர், பேரிங் எல்லாமும் கிடைக்கின்றன. வரவழைக்கச் செலவாகும், மாதங்களும் ஆகும். இடைத்தகடு, ரேடியேட்டர், குழாய்கள், மின்விசிறி, வெட்டிய தகட்டுக்கு மறு டிங்கர் என்று கூட்டிப் பார்த்தால் மாற்று எஞ்சினும் மலிவாக முடியப்போவதில்லை. எனக்கென்ன, ஓட்டினால் போதும் என்று மாற்றியே தீருவேன் என்கிறவர்கள், பாடியில் புதுத் துளை போடாமல், போல்ட்டில் நிற்கும்படி மட்டும் மாட்டுங்கள். இறக்கிய எஞ்சினையும், அதன் தகரக் கூண்டையும், எஞ்சின் நம்பர் உள்ள கேஸையும் பழைய இரும்புக்கு எடைபோட்டு விடாதீர்கள். ஆயில் தடவிச் சாக்கில் கட்டி, பரண்மேல் வையுங்கள்.

(அடுத்த வாரம்: கேபிள் பிரேக்கும் ஹைட்ராலிக் பிரேக்கும்)