ஏரி நிறைந்தது, பறவை எங்கே?

ஐப்பசி மழையில் பெங்களூரு ஏரிகள் ததும்புகின்றன. வலசைப் பறவைகள் வந்துவிட்டனவா? வாரம் தவறாமல் ஒரே கரையில் நடப்பவர்களால்தான் பதில் சொல்ல முடியும்.

காலை ஆறரை மணி. இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாகத் தேய்ந்திருக்கிறது. வடக்கு பெங்களூருவின் ஜக்கூர் ஏரிக்கரையில் வழக்கமாக நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப்பேரைக் காணோம். சேறு வழுக்கும் பாதையில் பறவை ஆர்வலர்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் மெதுவாக நகர்கிறார்கள். ஒரு கையில் குடை, மறு கையில் பைனாகுலர். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய சின்ன நோட்டு. நடுவில் நிற்கும் கூழைக்கடாக்களை நிதானமாக எண்ணிவிட்டு, நாணல் பக்கம் காது கொடுக்கிறார்கள்.

அபூர்வப் பறவையைத் தேடி நீளமான கேமராவுடன் நூறு கிலோமீட்டர் போகிறவர்கள் ஒரு வகை. இவர்கள் வேறு வகை. வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் ஏரியையோ பூங்காவையோ தேர்ந்துகொண்டு, அதையே ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டாலும் போவார்கள். மழை பெய்தாலும் போவார்கள்.

பெங்களூருவுக்கு இது பழைய பழக்கம். ஜோசப் ஜார்ஜ் முன்னின்று வளர்த்த பெங்களூரு பறவை நோக்கர் களக் குழு 1970களிலிருந்து இயங்கியது. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை லால்பாக்கில் கூடுவது அதன் வழக்கம். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தில் அலுவலர்களும் மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் கூடிக் குறிப்பெடுத்தார்கள். அப்படிச் சேர்ந்த குறிப்புகளின் பலனாக 1994இல் பெங்களூரு பறவைகளின் விளக்கப் பட்டியலையே ஜார்ஜ் தொகுத்து வெளியிட முடிந்தது.

நதியில்லாத நகரம்

பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. பெரிய நதி கிடையாது. அதனால்தான் முன்னோர்கள் பள்ளங்களை மறித்து ஏரிக்குக் கீழ் ஏரியாக வெட்டி, ராஜகாலுவே எனப்படும் கால்வாய்களால் இணைத்தார்கள். ஜக்கூர் நிரம்பினால் ராச்சேனஹள்ளி ஏரிக்குப் போகும். கிழக்குப் பக்கம் வடியும் நீர் கடைசியில் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேரும். ஆக, இந்த ஏரிகளின் நலம் தமிழ்நாட்டுக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

இங்கே தென்மேற்குப் பருவமழை பின்வாங்கும்போதும் நல்ல மழை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதும் மழை. செப்டம்பரும் அக்டோபரும்தான் ஆண்டிலேயே அதிகம் நனையும் மாதங்கள். சரியாக அதே மாதங்களில்தான் வடக்கிலிருந்து வலசை வருகிறது.

முதலில் தலைகாட்டுவது மஞ்சள் வயிறும் ஓயாமல் ஆடும் வாலும் கொண்ட சாம்பல் வாலாட்டி. இமயமலை ஓடைகளை விட்டுவிட்டுச் செப்டம்பரிலேயே பெங்களூருவின் கால்வாய் ஓரத்துக்கு வந்துவிடும். அடுத்து நாணல் கதிர்க்குருவி. புதருக்குள்ளிருந்து 'டக், டக்' என்று சத்தம்தான் வரும், ஆளைப் பார்ப்பது கஷ்டம். தந்திக் கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டும். அக்டோபரில் ஆறுமணிக் குருவி வரும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் தமிழில் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்துவரும் இந்தக் குருவி, கண்ணாடிக் கட்டடத்தில் மோதி மாடிப் படிக்கட்டில் மயங்கிக் கிடப்பதும் உண்டு. நீலச்சிறகி, தட்டைவாயன், ஊசிவால் வாத்துகள் எல்லாம் பின்னால் வரும்.

தண்ணீர் அதிகமானால்

ஏரி நிரம்பினால் வாத்துகள் குவியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் வேண்டியது தண்ணீர் அல்ல, ஈரச் சேறு. நீலச்சிறகி போன்ற வாத்துகள் முங்கி மேய்வதில்லை. தலையைக் கவிழ்த்து, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் உணவு எடுக்கும். ஏரி விளிம்புவரை ததும்பும்போது சேறும் மறைகிறது, மேலோட்டமான நீரும் மறைகிறது. அது மட்டுமல்ல, நல்ல மழை பெய்த ஆண்டில் தக்காணத்தின் ஒவ்வொரு குளமும் குட்டையும் நிரம்பியிருக்கும். பறவைகள் எங்கும் பரவிவிடும். வறண்ட ஆண்டிலோ, நீர் மிஞ்சியிருக்கும் சில ஏரிகளில் நெருக்கியடித்துக் கூடும். எண்ணிக்கை ஏறினால் அது வறட்சியின் அடையாளமாகவும் இருக்கலாம்.

மழை செய்யும் இன்னொரு குழப்பம் மனிதர்கள் சம்பந்தப்பட்டது. 2022இல் நகரில் 1,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வழக்கத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்தச் செப்டம்பர் 5ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் 131.6 மில்லிமீட்டர். வெளிவட்டச் சாலைப் பகுதியில் படகிலும் டிராக்டரிலும் ஆட்களை மீட்ட நாட்களில் பறவை பார்க்க யார் போவார்கள்? போகாததால் குறிப்பு இல்லை. குறிப்பு இல்லாததால் பறவை தாமதம் என்று முடிவு. உண்மையில் தாமதமானது பறவையா, ஆளா?

இதற்காகத்தான் இப்போது ஈபேர்ட் இணையதளத்தில் பதிகிறவர்கள் பறவைப் பெயர்களோடு எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்பதையும் எழுதுகிறார்கள். காக்கை, மைனா உட்படக் கண்டதையெல்லாம் முழுப்பட்டியலாகத் தருகிறார்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை நிஜமாகவே தென்படவில்லை என்று கொள்ளலாம். 2023இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, இப்படி 30,000 பேருக்கு மேற்பட்டவர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளால் உருவானது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன. கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடையும் அதில் அடக்கம்.

உள்ளூர்க் கணக்கின் அருமை ஏரிச் சீரமைப்பின்போதும் தெரியும். தூர்வாரி, கரையைச் செங்குத்தாக்கி, சுற்றிலும் நடைபாதை போட்டால் ஏரி சூப் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். கொள்ளளவு கூடும், பார்க்கவும் அழகு. ஆனால் சரிவான ஓரமும் நாணலும் போய்விட்டால் நீர்ப்பறவைக்கு அங்கே வேலையில்லை. சீரமைப்புக்கு முன் எது எத்தனை இருந்தது என்று காட்ட யாராவது எழுதிவைத்திருந்தால்தான் வாதாட முடியும்.

ஜக்கூரில் அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்து நீர் நாணல் சதுப்பில் வடிந்துதான் ஏரிக்குள் இறங்குகிறது. ஆர்வலர்கள் அதிக நேரம் நிற்பதும் அந்த மூலையில்தான். தூறல் மறுபடி வலுக்கிறது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நோட்டு திறக்கப்படுகிறது. தேதி, நேரம், மழை. கூழைக்கடா, நீர்க்காகம், நாமக்கோழி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை. நீலச்சிறகியின் பெயர் இன்று இல்லை. அதுவும் ஒரு தகவல்தான். அடுத்த வாரம் அதே மூலையில், அதே நேரத்தில், மறுபடி பார்க்க வேண்டும்.