வீட்டுப் பாட்டு நண்பன் வீட்டில் ஒலிக்க: போர்ட்டைத் திறக்காதீங்க!

அப்பாவோட பழைய கேசட்டுகளை எல்லாம் ஃபிளாக் ஃபைலா மாத்தி, ஒரு பழைய லேப்டாப்பில் நேவிட்ரோம் சர்வர் போட்டு வச்சிருக்கேன். பெங்களூரில் இருக்கிற நண்பனும் கேட்கணும்னு ஆசைப்பட்டான்.

நான் முதல்ல பண்ணது தப்பு. ரவுட்டரில் 4533 போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்துவிட்டேன். மறுநாள் லாக் பார்த்தா, யார் யாரோ பாஸ்வேர்டை ஊகிச்சுப் பார்த்திருக்காங்க. வீட்டுப் பத்திரம், ஆதார் ஸ்கேன் எல்லாம் அதே லேப்டாப்பில்தான் இருக்கு. அன்னைக்கே மூடிட்டேன்.

இதுக்கு நல்ல வழி வயர்கார்டு. 2020-லேயே லினக்ஸ் கெர்னலில் சேர்ந்துடுச்சு. ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு சாவி ஜோடி. பொதுச் சாவியை மட்டும் மாத்திக்கிறோம். தெரியாத சாவியோட யார் தட்டினாலும் பதிலே போகாது. அதனால ஸ்கேன் பண்றவங்களுக்கு அங்க ஒரு சர்வர் இருக்கிறதே தெரியாது.

உங்க இணைப்புக்குப் பொது ஐபி இல்லையா? வயர்கார்டு மேல ஓடுற டெயில்ஸ்கேல் போடுங்க. அதில் அந்த ஒரு மெஷினை மட்டும் நண்பனோட பகிரலாம். அப்புறம் அவன் எந்த போர்ட்டைத் தொடலாம்னும் விதி எழுதிடுங்க, 4533 மட்டும் போதும். நேவிட்ரோமில் அவனுக்குத் தனி அக்கவுண்ட், அட்மின் உரிமை வேண்டாம்.

அப்லோட் வேகம் கம்மின்னா, ஓபஸ் 128 கேபிபிஎஸ்-க்கு மாத்தி அனுப்பச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷப் பாட்டு 5 எம்பிக்குள்ள முடிஞ்சிடும்.

கடைசியா ஒண்ணு: நண்பன் ஃபோன் தொலைஞ்சா, அந்தச் சாவியை உடனே நீக்குங்க. அடுத்த எபிசோடில் பேக்கப் பத்திப் பேசுவோம்!