கொம்பும் குளம்பும் – 9: உப்புக்காக ஒரு முக்குளிப்பு

பனிமான்களின் வலசை போன வாரத்தோடு முடிந்தது. விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மூஸ். மான் குடும்பத்திலேயே பெரியது. ஐரோப்பாவில் எல்க் என்று அழைக்கப்படுவதும் இதேதான். அதன் கொம்பைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் ஐந்து நாளாக என் மண்டைக்குள் உப்புதான் ஓடுகிறது.

அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் நடுவே ஐல் ராயல் என்றொரு தீவு. அங்குள்ள மூஸையும் ஓநாயையும் 1958 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். கோடையில் அந்தத் தீவின் மூஸ்கள் குட்டைகளில் இறங்கி நீர்ச்செடிகளைத் தின்னும். செடி ஆழத்தில் இருந்தால் முழுசாக முங்கிவிடும். கரையில் அவ்வளவு தழை இருக்க, தண்ணீருக்குள் என்ன வேலை? காட்டுத் தழையில் சோடியம் மிகக் குறைவு. நீர்ச்செடிகளில் பல மடங்கு அதிகம்.

ஆனால் நீர்ச்செடியில் பாதிக்கு மேல் தண்ணீர். அதையே தின்றால் வயிறு நிரம்பும், தெம்பு இருக்காது. தழையையே தின்றால் தெம்பு உண்டு, உப்பு இல்லை. கேரி பெலோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இதைக் கணக்காகவே போட்டார். இரைப்பையின் கொள்ளளவு, மேய நேரம், உப்புத் தேவை இவ்வளவு என்றால், எதை எவ்வளவு தின்பது லாபம்? 1978-இல் வெளியான அந்த விடைக்கு மிக அருகில் இருந்தது மூஸ்கள் நிஜமாகத் தின்றுகொண்டிருந்த அளவு. இதைப் படித்துவிட்டு நான் எழுந்து நடந்தேன், உட்கார முடியவில்லை.

எங்கள் பாட்டி கழுநீர்த் தொட்டியில் ஒரு கை கல்லுப்பைப் போட்டால்தான் மாடு வாய் வைக்கும். மாடு, மூஸ் போன்ற அசைபோடும் விலங்குகள் கோடையில் சேர்த்த உப்பை இரைப்பை நீரில் இருப்பு வைத்துக்கொள்ள முடியும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

மூக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. தொங்கும் அந்த நீண்ட மூக்கை ஒஹையோ பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் விட்மர் குழு அறுத்து ஆராய்ந்தது. தண்ணீருக்குள் போனால் நாசித் துளைகள் மூடிக்கொள்ளும் அமைப்பு அதற்குள் இருக்கிறது.

குளிர்காலத்தில் குட்டை உறைந்துவிடும். அப்போது உப்பு சாலையில் கிடைக்கிறது. பனியை உருக்கத் தூவும் உப்பு கார்களின் உடம்பிலும் ஒட்டிக்கொள்ள, மூஸ் வந்து காரை நக்குகிறது. கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் 2020-இல், காரை மூஸ் நக்க விடாதீர்கள் என்று பலகையே வைத்தார்கள். காருக்குப் பழகிய மூஸ் காரிலேயே அடிபடும். கால்கள் நெடியவை, மோதினால் அத்தனை எடையும் முன்கண்ணாடி மேல் விழும். மனிதரும் சாகிறார்கள்.

கொம்புக்கு இடமில்லாமல் போய்விட்டது. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் கொம்புக்காக ஆண் மூஸ் தன் சொந்த எலும்பிலிருந்தே தாதுக்களைக் கடன் வாங்குகிறது. அந்தக் கடன் கணக்கு அடுத்த வாரம்.